சுவருக்குக் கலவை சுமந்தவர் எங்கே?

சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,



பொதுச்சுவர்களில் ஓவியம் தீட்டுவது நல்ல காரியம். 2010 வாக்கில், போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க அண்ணா சாலைச் சுவர்களில் மாநகராட்சி ஓவியம் வரையச் செய்தது. ஃபிளெக்ஸ் வந்து பிழைப்பைப் பறிகொடுத்திருந்த சினிமா பேனர் ஓவியர்களுக்கு அப்போது மறுபடியும் பிரஷ் பிடிக்க வேலை கிடைத்தது. அதை மறக்கவில்லை. எங்கள் குறை ஓவியர்கள்மீது அல்ல. அவர்களிடம் கொடுக்கப்படும் தலைப்பின்மீது.

'தமிழ்ப் பண்பாடு' என்று தலைப்புக் கொடுத்தால் சுவரில் வந்து நிற்கும் பெண் யாரென்று எல்லாருக்கும் தெரியும். இடுப்பில் குடம், இல்லையென்றால் கையில் கோலப்பொடி, அதுவும் இல்லையென்றால் காலில் சலங்கை. தலை நிறைய மல்லிகை. வயது இருபத்தைந்தைத் தாண்டாது. நிறமோ நம் தெருவில் பார்க்கிற நிறமாக இருக்காது. அந்தச் சுவர் எழும்பும்போது கலவைச் சட்டி சுமந்த சித்தாளுக்கு அதில் இடமில்லை. விடியுமுன் அதன் கீழே குப்பை கூட்டும் தூய்மைப் பணியாளருக்கும், காசிமேட்டிலிருந்து அன்னக்கூடையில் மீன் கொண்டுவரும் அம்மாவுக்கும் இல்லை.

இதுதான் மரபு என்பார்கள். மெரினாவுக்குப் போய்ப் பார்க்கலாம். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அங்கே வைத்த சிலைகளில் இரண்டு பெண்கள். ஒருவர் அரசனிடம் நியாயம் கேட்ட கண்ணகி. இன்னொருவர் அரசர்களுக்கே புத்தி சொன்ன ஔவை. இருவர் இடுப்பிலும் குடம் இல்லை. அதே கடற்கரையில், உழைப்பாளர் சிலையில் பாறையை நெம்பும் நால்வரும் ஆண்கள். ஆக, கோபக்காரியாகவும் கிழவியாகவும் பெண்ணைக் காட்ட மரபு கூச்சப்படவில்லை. உழைப்பவளாகக் காட்டத்தான் நமக்கு இன்னும் கை வரவில்லை.

வரைகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. 1850இல் தொடங்கிய ஓவியக் கல்லூரி இந்த நகரத்தில்தான் இருக்கிறது. அங்கே படித்த டி.கே. பத்மினி, 1969இல் 30 வயது நிறையுமுன் இறந்துபோனார். அதற்குள், பார்ப்பவருக்காக நிற்காத, தன் யோசனையில் தானிருக்கும் பெண்களை வரைந்துவைத்துவிட்டுப் போனார். இன்றும் அந்த வகுப்பறைகளிலிருந்து பெண்கள் தேறி வருகிறார்கள். சாரத்தில் ஏறிச் சுவரில் வரையும் வேலை அவர்களைத் தேடி வருவது அபூர்வம்.

மூன்று கோரிக்கைகள். சுவரோவிய வேலைகளில் பாதியைப் பெண் ஓவியர்களுக்கு ஒதுக்குங்கள். எந்தத் தெருவில் சுவர் இருக்கிறதோ அந்தத் தெருப் பெண்களிடம் கேட்டபிறகு மாதிரிப் படத்துக்கு ஒப்புதல் கொடுங்கள். வரைந்தவர் பெயரை ஓரத்தில் எழுதவிட்டு, கூலியைத் தாமதமில்லாமல் கொடுங்கள்.

கூடுதல் செலவு என்று கணக்குப் பிரிவு தயங்க வேண்டியதில்லை. குடத்துக்கு ஆகிற பெயிண்ட்தான் கலவைச் சட்டிக்கும் ஆகும்.

இப்படிக்கு,
ஆசிரியர்