சர்க்கார் பண்ணைகளில் அபாயத் தடுப்புப் பயிற்சி

குடியானவர்களுக்கு நாம் கூறிவரும் புத்திமதிகளில் பூச்சிமருந்தைப் பற்றியவை அநேகம். காற்றின் திசையறிந்து தெளிக்க வேண்டும், வெறுங்கையால் கலக்கலாகாது, காலி டப்பாக்களை வீட்டு உபயோகத்துக்கு எடுத்துச் செல்லலாகாது என்று கூட்டங்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் ஓயாமல் சொல்லி வருகிறோம். இவற்றையெல்லாம் சொல்லும் இலாகாவே விதைப் பண்ணைகளுக்கும் பழத்தோட்டங்களுக்கும் கிடங்குகளுக்கும் எஜமானாகவும் இருக்கிறது. அவ்விடங்களில் தினக்கூலிக்கு வேலை செய்யும் ஆண்களும் பெண்களும் மேற்படி புத்திமதிகளை யாரிடமிருந்து, எப்பொழுது கேட்கிறார்கள் என்பதே நான் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி. உபதேசிப்பவர் என்ற முறையில் நமக்குள்ள கடமை வேறு. வேலை வாங்குபவர் என்ற முறையில் நமக்குள்ள கடமை வேறு. முன்னதை ஒருவாறு செய்து வருகிறோம். பின்னதற்கு ஒழுங்கான ஏற்பாடு வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இது தயவைப் பொறுத்த விஷயமன்று. 1958-ஆம் வருஷத்தில் கேரளத்தில் பாரத்தியான் என்னும் விஷம் உணவுப் பண்டங்களிற் கலந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் நடந்த விசாரணைகளின் பயனாகவே 1968-இல் பூச்சிமருந்துச் சட்டமும், 1971-இல் அதன் விதிகளும் ஏற்பட்டன. தெளிப்பு வேலையில் ஈடுபடுவோரை வேலைக்கு அமர்த்துமுன்னும், பின்னர் குறித்த காலங்களிலும் வைத்தியரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. காப்புடை, முதலுதவிச் சாமான்கள், பயிற்சி ஆகியவையும் அவற்றில் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆயினும் பண்ணைகளில் இவ்விதிகளை மருந்து செய்யும் தொழிற்சாலைகளுக்கு மட்டும் உரியவை போல் எண்ணும் வழக்கம் இருந்து வருகிறது.

வேலை வாங்குவது சர்க்கார் ஸ்தாபனம் என்பதனால் மட்டும் ஆபத்து விலகி நிற்பதில்லை. காசர்கோடு ஜில்லாவில் கேரள சர்க்காரைச் சேர்ந்த தோட்டக் கார்ப்பொரேஷனின் முந்திரித் தோட்டங்களில், தேயிலைக் கொசு என்னும் பூச்சியை ஒழிப்பதற்காக எண்டோசல்பான் மருந்து இருபது வருஷங்களுக்கு மேலாக ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது; 2000-ஆம் வருஷத்தோடு அது நின்றது. 2011-இல் சுப்ரீம் கோர்ட்டு அம்மருந்தைத் தேச முழுவதும் தடை செய்தது. 2017-இல் பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு அதே கோர்ட்டு உத்தரவிட்டது. முந்திரி மகசூலைக் கணக்கிட்டவர்கள் இந்தச் செலவைக் கணக்கிட்டிருக்கவில்லை.

நமது கிடங்குகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தானியத்திற் புகையூட்ட உபயோகிக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை கண்டவர் கையிலெல்லாம் இருக்கலாகாது என்பதற்காக, சர்க்காரும் சர்க்கார் ஸ்தாபனங்களும், நிபுணர் மேற்பார்வையில் தொழில் செய்யும் பூச்சி ஒழிப்போரும் மட்டுமே அதனைக் கையாளலாம் என்று கட்டுப்பாடு செய்திருக்கிறார்கள். அதாவது, இவர்கள் விஷயந் தெரிந்தவர்கள் என்று சட்டம் நம்மை நம்பியிருக்கிறது. 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரையிலிருந்து 1 கிராம் பாஸ்பீன் வாயு வெளிப்படும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. பூண்டு அல்லது அழுகின மீன் போன்ற வாடை வரும் என்று சொல்லுவதுண்டு. ஆனால் வாடை தெரியாமலே வாயு இருக்கக்கூடுமாதலால் மூக்கை நம்புவது தகாது. இவ்வளவும் கிடங்கு உத்தியோகஸ்தருக்குத் தெரிந்திருக்கலாம். இரவில் அக்கிடங்கின் திண்ணையிலே பாய் விரித்துப் படுக்கும் காவற்காரருக்கு இது தெரியுமா? மூட்டைகளின்மேல் போர்த்திய தார்ப்பாயை மறுநாள் காலையில் அவசரமாக விலக்கும் சுமை கூலிக்குத் தெரியுமா? பயிற்சி என்றால் முதலில் இவ்விருவருக்கும் அளிக்க வேண்டும்.

பயிற்சியை எவ்வாறு அளிப்பது என்பதில் நமது இலாகாவுக்கு வேறெவரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. புது ரக நெல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தாலும் நம்பாத ரயத்து, அடுத்த வயலில் அது விளைந்து நிற்பதைக் கண்டவுடன் விதை கேட்டு வருகிறார். செய்து காட்டுவதே நம் தொழில். இதே முறையைப் பண்ணை ஆட்களிடமும் கையாளலாம். முதுகில் சுமக்கும் தெளிப்பானில் மருந்துக்குப் பதிலாகச் சலவை நீலம் கரைத்த தண்ணீரை நிரப்பி, வெள்ளைச் சட்டை வேட்டி உடுத்திய ஓர் ஆளைக் கொண்டு வழக்கம்போல் கால் ஏக்கர் தெளிக்கச் செய்க. பிறகு அவரை மற்ற ஆட்களின் முன் நிறுத்தினால், முழங்காலுக்குக் கீழே எவ்வளவு, ஒழுகும் மூடியினால் முதுகில் எவ்வளவு, எதிர்க்காற்றில் மார்பிலும் முகத்திலும் எவ்வளவு என்று நீலமே சொல்லிவிடும். விஷம் மூக்கின் வழியாகத்தான் உட்புகும் என்று பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். வயலில் தெளிப்பவருக்குத் தோலின் வழியாகப் புகுவதே அதிகம். முகத்தில் கட்டிய துண்டு மருந்துத் துளியில் நனைந்துவிட்டால், அது காப்பதை விட்டு விஷத்தைத் தோலோடு ஒட்ட வைக்கும் பற்றாக மாறிவிடுகிறது.

அப்பால், நீலம் கரைத்த கையையும் பார்க்கச் சொல்ல வேண்டும். தண்ணீர் சேர்க்காத மூலமருந்தை அளந்து ஊற்றும் சமயமே யாவற்றிலும் ஆபத்தானது. பல இடங்களில் தண்ணீர் சுமந்து வரும் பெண்களே மருந்தையும் கலக்கிறார்கள். தெளிப்பவருக்கென்று வாங்கிய கையுறை அவர்கள் கைக்கு எட்டுவதில்லை. அடைத்துக்கொண்ட தெளிப்பான் முனையை வாயால் ஊதித் திறக்கும் வழக்கத்தையும் இச்சமயத்திலேயே கண்டித்து, அதற்கென ஒரு மெல்லிய பிரஷ்ஷைக் கொடுத்துவிடலாம். காலணா பெறாத சாமான் என்று முன்னோர் சொல்லியிருப்பார்கள்.

காப்புடை கொடுத்தாலும் ஆட்கள் அணிவதில்லை என்பது பண்ணை மானேஜர்கள் வழக்கமாகக் கூறும் ஆட்சேபம். அது உண்மையே. சித்திரை வெயிலில் ரப்பர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு நடுப்பகலில் தெளிக்கச் சொன்னால், சொன்னவரும் அணியமாட்டார். ஆட்களைக் குறை கூறுமுன் வேலையின் ஒழுங்கைப் பார்க்க வேண்டும். இப்பூச்சிக்கு மருந்து அவசியந்தானா, சிவப்பு முக்கோணம் போட்ட மருந்துக்குப் பதிலாக நீலமோ பச்சையோ போட்டது போதாதா, காலை நேரத்திலேயே முடித்துவிட முடியாதா என்பவற்றையெல்லாம் மானேஜர் தீர்மானித்த பின்னரே காப்புடையின் முறை வருகிறது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து தெளித்த குடியானவர்களும் கூலியாட்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தமையால் மருந்து தெளித்தவர்கள் மேலேயே விழுந்தது என்று அப்பொழுது சொல்லப்பட்டது. அத்தகைய வயலுக்குள் ஆளை அனுப்பலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அனுப்புகிறவரேயன்றித் தெளிப்பவர் அல்லர்.

காலி டப்பாக்களைப் பற்றி ஒன்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். 2013-ஆம் வருஷம் ஜூலை மாதம் பீஹாரின் சாரண் ஜில்லாவில் ஒரு சர்க்கார் ஆரம்பப் பள்ளியில் மத்தியான உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது பரிசோதனையிற் தெரியவந்தது. பண்ணையில் தீர்ந்த ஒவ்வொரு டப்பாவும் துளையிடப்பட்டதா என்பதற்கு இருப்புப் புத்தகத்தில் ஒரு பத்தி இருக்க வேண்டும்.

யந்திரங்களைக் குறித்து அதிகம் எழுத இடமில்லை. கதிரடிக்கும் யந்திரங்களில் கையிழந்தோர் தொகை பெருகியதனால் 1983-இல் தனிச்சட்டமே செய்ய நேர்ந்தது. சுழலும் தண்டுக்கு உறையும், கதிர் ஊட்டும் வாய்க்கு மேல்மூடியும் இல்லாத யந்திரத்தைப் பண்ணையில் ஓட்டலாகாது என்பதே போதும். பாம்புக்கடிக்கும் இவ்வாறே. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிமருந்து ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிறது. கயிறு கட்டுவதும் கீறிவிடுவதும் கூடாது என்பதையும், ஆளை நடக்கவிடாமல் எந்த வண்டியில் கொண்டுபோவது என்பதையும் மேஸ்திரி அறிந்திருக்க வேண்டும்.

இவை யாவற்றுக்கும் குறுக்கே நிற்பவை இரண்டு. ஒன்று, மஸ்டர் ரோல் முறை. இன்று பயிற்சி பெற்றவர் நாளைக்கு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். ஆகையால் பருவந்தோறும் முதல் தெளிப்புக்கு முன் பண்ணை ஆட்கள் அனைவருக்கும் கூலியோடு கூடிய அரை நாள் பயிற்சி வேண்டும். கூலியில்லாத பயிற்சிக்கு யார் வருவார்கள்? மற்றொன்று இதனினும் கடினமானது. மயிரிழையில் தப்பிய சம்பவங்களை, அதாவது தலை சுற்றி உட்கார்ந்தவர், யந்திரத்தில் முந்தானை சிக்கிக் கிழிந்ததோடு பிழைத்தவர் முதலியவற்றை, எழுதி வைக்க ஒரு புத்தகம் அவசியம். ஆனால் எழுதியவருக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வருமாயின் அப்புத்தகம் வெள்ளைத் தாளாகவே இருக்கும். சம்பவத்தை மறைத்தவருக்கு மட்டுமே மெமோ, எழுதியவருக்கு இல்லை என்று மேலதிகாரிகள் எழுத்து மூலம் உத்தரவிட்டாலன்றி இந்தக் காரியம் நடவாது.

செலவைப் பொறுத்தவரை, கையுறையையும் காலணியையும் சில்லறைச் செலவில் சேர்க்கும் பழக்கம் நிற்க வேண்டும். பணம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது சில்லறைச் செலவே. ஒரு ஏக்கர் சாகுபடி எஸ்டிமேட்டில் விதை, எரு, மருந்து என்று எழுதும்பொழுது, மருந்துக்கு அடுத்த வரியிலேயே காப்புச் சாமான்களையும் பயிற்சிக் கூலியையும் எழுதிவிடலாம். அவ்வரி இல்லாத எஸ்டிமேட்டில் மருந்து வரியையும் அனுமதிக்கலாகாது என்று ஜில்லா உத்தியோகஸ்தர்கள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். முதல் தெளிப்புக்கு முன்னர் மானேஜர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு முறை நேரில் சென்று அட்ரோபின் மருந்து இருப்பில் உள்ளதா, இரவில் வைத்தியர் இருப்பாரா என்று விசாரித்து வருவது நலம். ஆளைக் கொண்டுபோகும்பொழுது டப்பாவின் லேபிளையும் கூடவே கொண்டுபோக வேண்டும். எந்த விஷம் என்று தெரியாமல் வைத்தியர் தடுமாறும் நேரம் மிச்சமாகும்.