திறந்து பார்க்காமலே ஒரு தீர்ப்பு

லேப்டாப் ஸ்லோவா இருக்குதுங்கன்னு சர்வீஸ் கவுன்டர்ல கொண்டுபோய் வெச்சா, ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழட்டாம அவங்க கேக்குற முதல் கேள்வி, "எந்த வருஷம் வாங்கினதுங்க?" 2019னு சொன்னோம். அவ்வளவுதான், முகமே மாறிப்போச்சு. "ஆறு வருஷம் ஓடிருச்சா? போர்டு வீக் ஆயிருக்கும். இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட்டுங்க. எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டுப் புதுசா எடுத்துக்கங்க." ஆன் பண்ணிக்கூடப் பார்க்கலை. பார்க்காமலே ஒரு பொருள் செத்துப்போச்சுன்னு எப்படிங்க சொல்ல முடியுது?

சுருக்குனு குத்துச்சு. காசு போகுதேங்கிற வருத்தம் மட்டும் இல்லைங்க. நாம இருக்கிறது சேலம் அஸ்தம்பட்டி. ஏற்காடு ரோட்டுலயிருந்து ஒரு பஸ் மாறினா நாமக்கல். லாரிக்கு பாடி கட்டுறதுக்குன்னே இந்தியா முழுக்கப் பேர் வாங்கின ஊர். அந்தப் பக்கம் திருச்செங்கோடு, போர்வெல் வண்டிக்குப் பேர் போனது. அங்க போய் "வண்டி இழுவை கம்மியா இருக்குதுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. "பழசாயிருச்சு, வித்துட்டுப் புதுசு எடு"ன்னு எந்த மெக்கானிக்காவது சொல்லுவாரா? ஸ்டார்ட் பண்ணச் சொல்லுவாரு, காது குடுத்துக் கேப்பாரு. டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கா, ஏர் ஃபில்டரா, பம்பா, ஒண்ணொண்ணா ஒதுக்கிட்டு வந்து, கடைசியா எது கெட்டிருக்கோ அதை மட்டும் மாத்துவாரு. அப்படிப்பட்ட வேலைக்காரங்க பக்கத்துலயே இருக்கிற ஊர்ல, முப்பதாயிரத்துச் சொச்சம் ரூபா குடுத்து வாங்கின மெஷினைத் தொட்டுக்கூடப் பார்க்காம கைகழுவச் சொல்றாங்க. மனசு ஆறலை.

வீட்டுக்கு வந்து பொண்ணும் நானும் டைனிங் டேபிள்ல உக்காந்துட்டோம். காலேஜ் அசைன்மென்ட் அத்தனையும் அதுலதான் கிடக்குது அவளுக்கு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப், மூணு பட்டனையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் இருக்கிற எந்த லேப்டாப்லயும் வரும், எதையும் டவுன்லோட் பண்ண வேண்டாம். சிபியு, மெமரி, டிஸ்க்னு வரிசையா சதவீதம் போட்டிருக்கும். எங்களுதுல சிபியு பத்து, பதினைஞ்சுன்னு சும்மா கிடக்குது. மெமரி எண்பதுக்கு மேல. டிஸ்க் நூறு. அசையவே மாட்டேங்குது, நூறுலயே நிக்குது. ப்ராசசர் வேலையில்லாம காத்துக்கிட்டிருக்கு, டிஸ்க் மூச்சு வாங்குது. இவ்வளவுதாங்க கண்டுபிடிக்கிறது! இதைப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? அந்த கவுன்டர்ல இருந்தவங்களுக்கு இது தெரியாதுன்னு நான் நம்பத் தயாரா இல்லை.

உள்ளே இருந்தது சுத்துற ஹார்ட் டிஸ்க். நிமிஷத்துக்கு 5400 சுத்து. தட்டு சுத்தி வரணும், ஊசி மாதிரி ஒரு கை நகர்ந்து சரியான இடத்துக்குப் போகணும், அப்புறம்தான் படிக்கும். இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம்னு சிதறிக்கிடக்கிற ஃபைல்களைத் தேடி ஓடும்போது, நொடிக்கு நூறு இடத்தைக்கூட இந்த மாதிரி டிஸ்க்கால தொட முடியாது. இதுக்குப் பதிலா போடற எஸ்எஸ்டியில சுத்துறதும் கிடையாது, நகர்றதும் கிடையாது. சாதாரண எஸ்எஸ்டியே நொடிக்கு ஆயிரக்கணக்குல படிக்கும். விண்டோஸ் 10 மாதிரி ஒண்ணு பின்னாடி ஓயாம எழுதிட்டும் படிச்சிட்டும் இருக்கும்போது, அந்தச் சுத்துற டிஸ்க் என்ன பண்ணும் பாவம்?

அதோட ராம், அதாவது அந்த மெமரி, 4 ஜிபிதான். விண்டோஸ் எந்திரிச்சு உக்காரும்போதே அதுல பாதி காலி. குரோம்ல ரெண்டு மூணு டேப் திறந்தா மீதியும் காலி. இடம் பத்தாம போனா என்ன பண்ணுது? ராம்ல இருக்கிறதைத் தூக்கி டிஸ்க்குல வெக்குது, வேணும்னா திரும்ப எடுக்குது. எந்த டிஸ்க்குல? ஏற்கெனவே நூறுல நிக்குதே, அதுலயேதான்.

இப்ப கோபம் எங்க வருதுன்னா, 2019லயும் இது எல்லாருக்கும் தெரியும். செஞ்சவங்களுக்கும் தெரியும், வித்தவங்களுக்கும் தெரியும். கடையில என்ன சொன்னாங்க? "1 டிபி சார்! எவ்வளவு போட்டோ, எவ்வளவு படம் வேணாலும் போட்டுக்கலாம்." பெரிய நம்பரைக் காட்டினாங்க. அந்த 1 டிபியில நாங்க கால்வாசிகூட நிரப்பலை. அதுக்குப் பதிலா 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டுக் குடுத்திருந்தா இன்னைக்கு வரைக்கும் ஓடியிருக்கும். 64-பிட் விண்டோஸ் 10க்குக் குறைஞ்சபட்சம் 2 ஜிபி ராம் போதும்னுதான் மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமா போட்டிருந்தது. ஆன் ஆகறதுக்குப் போதும், சரி. அதுல ஒரு பிள்ளை உக்காந்து ஆன்லைன் கிளாஸ் கவனிச்சு, அசைன்மென்ட் டைப் அடிச்சு அனுப்பப் போதுமா? இந்தக் கேள்வியை நமக்காக யாரு கேக்கணும்?

வாங்கும்போதே உள்ளே ஏத்தி விட்டிருந்ததைப் பார்க்கணும் நீங்க. ட்ரையல் ஆன்டிவைரஸ் ஒண்ணு. ட்ரையல் முடிஞ்சு வருஷக்கணக்கா ஆயும் "பணம் கட்டு, பணம் கட்டு"ன்னு தினம் மூலையில வந்து நிக்குது. விண்டோஸ்லயே டிஃபெண்டர்னு ஒண்ணு காசில்லாம இருக்குது, வீட்டு உபயோகத்துக்கு அது போதும். டாஸ்க் மேனேஜர்லயே ஸ்டார்ட்அப்னு ஒரு பக்கம் இருக்கு. அங்க போய்ப் பார்த்தா கேம் விக்கிறது, மியூசிக், கம்பெனியோட சொந்த அப்டேட்டர்னு ஒரு கூட்டமே லேப்டாப் எந்திரிக்கும்போது கூடவே எந்திரிக்குது. நம்மள யாராவது கேட்டாங்களா? அத்தனையும் டிசேபிள் பண்ணினோம். ஓரளவு மூச்சு விட்டுச்சு.

அப்புறம் தூசி. சித்திரை வெயில் நம்ம ஊர்ல எப்படின்னு உங்களுக்குச் சொல்லணுமா? பக்கவாட்டுல காத்து வெளியேறுற ஓட்டையில தூசி பஞ்சு மாதிரி அப்பியிருந்தா, உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாது. சூடு ஏறினா ப்ராசசர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானே குறைச்சுக்கும். இதுக்கு பிரஷ் போதும். லேப்டாப்பை மெத்தை மேல வெச்சு ஓட்டாம இருந்தாலே பாதிப் பிரச்சினை வராது. ஆனா டச்பேட் கொஞ்சம் மேல எழும்பி வந்திருந்தா மட்டும் உடனே நிறுத்திடுங்க. பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம். அது வீட்டுல கை வைக்கிற விஷயமே இல்லை.

இன்னொண்ணு, இது என்னை ரொம்பப் பயமுறுத்துது. நெட்ல "லேப்டாப் ஸ்லோ"ன்னு தேடினா, "உங்க கம்ப்யூட்டர்ல ஆயிரத்துச் சொச்சம் பிழை இருக்கு, இப்பவே கிளீன் பண்ணு"ன்னு வந்து விழற விளம்பரம்! திடீர்னு ஸ்க்ரீன் பூரா சிவப்பாயி, ஒரு போன் நம்பர் போட்டு, "இந்த நம்பருக்குக் கூப்பிடு"ன்னு மிரட்டுது. கூப்பிட்டா எனிடெஸ்க் மாதிரி ஒண்ணைப் போடச் சொல்லி நம்ம மெஷினுக்குள்ளயே வந்து உக்காந்துக்குவாங்க, அடுத்தது பேங்க் கணக்குதான். எனிடெஸ்க் பேரைச் சொல்லியே ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில எச்சரிச்சது. யாராவது ஏமாந்திருந்தா தயங்காம உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்குக் கூப்பிடச் சொல்லுங்க. ரிட்டயர்டு ஆனவங்க எத்தனை பேர் தனியா உக்காந்து இந்த மெஷினோட போராடுறாங்க! நேர்மையா ஒருத்தர் திறந்து பார்த்துச் சொல்லாத இடத்துலதான் இந்தத் திருடனுங்க நுழையறானுங்க.

சரி, எங்க கதை. முதல்ல போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாத்தையும் வேற இடத்துல காப்பி எடுத்து வெச்சோம். பழைய டிஸ்க் எப்ப கைவிடும்னு சொல்ல முடியாது, அதனால இதைத்தான் முதல்ல செய்யணும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு காட்டும். எங்களுதுக்கு மஞ்சள்ல "காஷன்"னு வந்துச்சு. ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி, ஒரு 8 ஜிபி ராம். போன வருஷ ஆரம்பத்துல ரெண்டும் சேர்ந்து நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. சார்ஜரைப் பிடுங்கிட்டு, பின்பக்க ஸ்க்ரூவைக் கழட்டி, முதல்ல பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, டிஸ்க்கை மாத்தி, ராமை ஸ்லாட்ல சாய்ச்சு நுழைச்சு அமுக்கினா "டிக்"னு உக்காருது. விண்டோஸைப் புதுசா ஏத்தினோம். அரை நிமிஷத்துக்குள்ள ஆன் ஆகுது. அதே போர்டு. "வீக் ஆயிருக்கும்"னு சொன்னாங்களே, அதே போர்டுதாங்க.

நாலாயிரம் எங்க, நாப்பதாயிரம் எங்க? இந்த வித்தியாசத்தை ஒரு மனுஷன்கிட்ட மறைக்கிறது எப்பேர்ப்பட்ட துரோகம்? மூணு மாசச் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு, இல்லைன்னா நகையை வெச்சு, பிள்ளைக்கு லேப்டாப் வாங்கிக் குடுத்த வீடுங்க நம்ம தெருவுலயே இருக்குது. அவங்களும் இதே கவுன்டர்லதான் போய் நிக்கறாங்க.

இதுக்கு மேல இருக்கிறவங்களைப் பாருங்க. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திருச்சு. விண்டோஸ் 11க்குப் போகணும்னா, இன்டெல்னா பொதுவா எட்டாம் தலைமுறை ப்ராசசர் இருக்கணும்ங்கிறாங்க. ஐ3-7020யுன்னு ஒரு ப்ராசசர், 2018ல வந்தது, நம்ம ஊர்ல குறைஞ்ச விலை லேப்டாப் பலதுல அதுதான் இருந்துச்சு. 2021ல விண்டோஸ் 11 வந்தப்ப, அது பட்டியல்லயே இல்லை. மூணே வருஷம்! ஆனா அதே ஏழாம் தலைமுறை லேப்டாப் ப்ராசசர்கள்ல ஐ7-7820எச்க்யூவுக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்தாங்க. அது எதுல இருந்துச்சு? மைக்ரோசாஃப்டோட சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2ல. வயித்தெரிச்சலா இருக்குதா இல்லையா? ஒரு வழி இருக்கு: மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சைன் இன் பண்ணி, செட்டிங்ஸ் பேக்கப்புக்கு ஒத்துக்கிட்டா, 2026 அக்டோபர் 13 வரைக்கும் அப்டேட் காசில்லாம வரும். அதுக்கப்புறம் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் மாதிரி ஒண்ணு போட்டா பழைய மெஷின் நல்லாவே ஓடும். கேரளாவுல அரசுப் பள்ளிக்கூடங்கள் வருஷக்கணக்கா லினக்ஸ்லதான் பாடம் நடத்துறாங்க. நம்ம தமிழ்நாட்டுலயும் 2011 செப்டம்பர் 15ல இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பிச்சப்போ, மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் உருவாக்கின பாஸ் லினக்ஸ் அந்த மெஷின்ல இருந்துச்சு. லட்சக்கணக்கான பிள்ளைங்க கைக்குப் போச்சு. ஆனா அதை வெச்சு என்ன செய்யலாம், கெட்டா எப்படிச் சரி பண்ணலாம்னு பள்ளிக்கூடத்துல ஒரு பீரியட் சொல்லிக் குடுத்திருக்கக்கூடாதா? இப்ப பரண் மேல கிடக்கிறதுல எத்தனை, வெறும் டிஸ்க் மாத்தினா எந்திரிச்சுக்கும்!

2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்னைக்கு மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு போர்ட்டல் திறந்தாங்க. நல்ல விஷயம். பிரான்ஸ்ல 2021லயிருந்து கடையில லேப்டாப்போடயே, இதை ரிப்பேர் பண்றது எவ்வளவு சுலபம்னு பத்துக்கு இவ்வளவுன்னு மார்க் போட்டுக் காட்டணும். அதே மார்க் நம்ம கடையிலயும் இருந்தா வாங்கறப்பவே தெரிஞ்சிருக்குமே?

இப்ப புதுசா ஒரு இடி. 2025 கடைசியிலயிருந்து ராம் விலை தாறுமாறா ஏறிக் கிடக்கு. மெமரி செய்யற கம்பெனிங்க ஏஐ டேட்டா சென்டருக்குப் போற சரக்கு பக்கம் திரும்பிட்டாங்க. க்ரூஷியல்ங்கிற பேர்ல நம்ம மாதிரி சாதாரண ஆளுங்களுக்கு ராம் வித்துட்டிருந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டு வெளியேறப் போறோம்னு 2025 டிசம்பர்ல அறிவிச்சிருச்சு. சிக்கனமா ரிப்பேர் பண்ணிக்கலாம்ங்கிற அந்த ஒரு வழியையும் யாரோ எங்கேயோ அடைக்கறாங்க.

எங்க லேப்டாப் சரியானதைக் கேள்விப்பட்டு எதிர்வீட்டு அக்கா அவங்க பொண்ணோட லேப்டாப்பை எடுத்துட்டு வந்தாங்க. "தம்பி, இதையும் கொஞ்சம் பாருப்பா, இன்னும் ரெண்டு வருஷம் காலேஜ் இருக்குது அவளுக்கு." பின்பக்கத்தைத் திறந்தோம். ராம் ஸ்லாட்டே இல்லை. 4 ஜிபியை போர்டுலயே சால்டர் பண்ணி வெச்சிருக்காங்க. டிஸ்க்கை மாத்தினோம், முன்னைக்குப் பரவாயில்லை. ஆனா மீட்டிங்கும் வேர்டும் சேர்த்துத் திறந்தா திணறுது. அக்கா வீட்டுக்குப் போய் பில்லை எடுத்துட்டு வந்து காட்டினாங்க. கலர் போட்டிருக்கு, சீரியல் நம்பர் போட்டிருக்கு, கூடக் குடுத்த பேக், 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் போட்டிருக்கு. ராமை எந்தக் காலத்துலயும் கூட்ட முடியாதுங்கிறது மட்டும் அந்தப் பேப்பர்ல முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை.