கல்முனையில் ஒட்டகம் இல்லை

பெருநாள் லீவுக்கு எங்கட பக்கத்துப் பொடியன்கள் சேர்ந்து சின்னதாக ஒரு போட்டி வைத்தார்கள். சொந்தமாக ஒரு பேன்டஸி கேம் கெரக்டர் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். கொஞ்சம் வரைவேன் என்ற குற்றத்துக்காக என்னையும் நடுவராகப் பிடித்து இருத்தினார்கள். இருபதுக்கு மேல் படங்கள் வந்தன. கை திறமையான கைதான், அதில் பேச்சில்லை.

பாதிப் படங்களில் இரும்புக் கவசம், நீண்ட காது, பனிமலை, டிராகன். மற்றப் பாதியில் 'நம்மட ஆள்': வெள்ளைத் தலைமூடி, வளைந்த வாள், பின்னால் மணல்மேடு, மணல்மேட்டில் ஒட்டகம். சாய்ந்தமருதுப் பொடியன் ஒருவனிடம் கேட்டேன்.

"இது யாரு மனே?"

"நம்மட வீரன் காக்கா. நம்மட அடையாளம்."

"உங்கட ஊட்டுல இருந்து கடல் எவ்வளவு தூரம்?"

"ரெண்டு ஒழுங்க தாண்டினா கடல்தான்."

"படத்துல கடல் எங்க?"

சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக எனக்குப் படவில்லை, அதனால்தான் இந்தக் கட்டுரை.

பனிமலைக்காரர்களோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. தாங்கள் இரவல் வாங்குகிறோம் என்று அவர்களுக்கே தெரியும். என் சண்டை ஒட்டகக்காரர்களோடு. இரவலை வாங்கிவிட்டு அதற்கு 'சொந்தம்' என்று பெயர் வைக்கிறார்கள். அந்த வெள்ளைத் தலைமூடி எங்கிருந்து வந்தது? 2007ல் வந்த அசாசின்ஸ் கிரீட் கேமின் அல்தாயிரிடமிருந்து. அவனை வடிவமைத்தவர்கள் கனடாவின் மொன்றியல் நகரத்தில் இருக்கும் யூபிசொப்ட் கலைஞர்கள். 1191ஆம் ஆண்டின் டமஸ்கஸையும் ஜெரூசலத்தையும் தேடிப் படித்து, தலைமூடியின் முனையைக் கழுகு மூக்கு மாதிரி வளைத்து, உழைத்துச் செய்தார்கள். அது அவர்களுடைய உழைப்பு. அதைப் பார்த்து வரைந்துவிட்டு நம்மட அடையாளம் என்று சொல்வதென்றால், மொன்றியல்காரன் சொல்லித்தந்த அடையாளத்தைத்தான் நாம் சுமந்துகொண்டு திரிகிறோம்.

இன்னொரு வேடிக்கை. ஆயிரத்தொரு இரவுகளின் சிந்துபாத் ஒட்டகக்காரன் இல்லை, கப்பல்காரன். ஆறாவது பயணத்தில் அவன் வந்து சேருகிற இடம் செரந்தீப், அதாவது இந்தத் தீவு. அரபுக் கதைக்காரனுக்கு அதிசயம் தேவைப்பட்டபோது அவன் நம்ம பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறான். நாம் அதிசயம் தேடிப் பாலைவனத்துக்குப் போகிறோம்.

'நம்மட பக்கம் பேன்டஸி இல்லையே காக்கா' என்று ஒரு சாட்டு. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் கிஸ்ஸா என்றும் படைப்போர் என்றும் தனி வகைகளே இருக்கின்றன. செய்த்தூன் கிஸ்ஸாவின் நாயகி வாளெடுத்துக் களத்தில் இறங்குகிற இளவரசி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அல்-கஸ்வீனி எழுதிய படைப்பின் அதிசயங்கள் பற்றிய நூலின் ஓவியப் பிரதிகளில் விசித்திர மிருகங்களும் ஜின்களும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. 1280ல் எழுதப்பட்ட ஒரு பிரதி இன்றும் மியூனிக் நூலகத்தில் இருக்கிறது. உருவம் வரையலாமா கூடாதா என்ற கேள்வி நம் ஊர்களில் உண்டு, எனக்கும் தெரியும். நூற்றாண்டுகளாக உலமாக்கள் கதைத்து வரும் அந்த விஷயத்தை இந்தக் கட்டுரையில் முடிக்கிற தகுதி எனக்கில்லை. என் பேச்சு ஏற்கெனவே வரைந்துகொண்டிருக்கிற பிள்ளைகளோடுதான்.

உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்தப் போட்டியில் படம் அனுப்பியவர்களில் நாலைந்து பேருடைய வாப்பாமார் கடலுக்குப் போகிறவர்கள். ஒருவனிடம், "ஏன் வாப்பாவைப் பார்த்து வரையல்ல?" என்று கேட்டேன். "சாரன் கட்டினவன் ஹீரோவா காக்கா?" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'மீன்காரன்' என்பது நம் ஊர்களில் தொழிலின் பெயர் மட்டுமில்லை, பள்ளிக்கூடத்தில் அது ஏச்சு. அந்த ஏச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை வாப்பாவின் உவர் மணக்கும் சாரனை விட்டுவிட்டு அல்தாயிரின் அங்கியை எடுத்துப் போட்டுக்கொள்கிறான். மார்க்கப் பற்றில் அவன் பாலைவனத்துக்குப் போகவில்லை, வெட்கத்தில் போகிறான். அந்த வெட்கத்தை அவனுக்குக் கொடுத்தது நாம்தான்.

சரி, வேறென்ன செய்வது? பேச்சோடு நிற்காமல் நானும் ஒன்று செய்து பார்த்தேன். கெரக்டர் டிசைன் என்றால் கடைசியில் வரும் பளபளப்பான ஒற்றைப் படம் என்றுதான் இங்கே பலர் நம்புகிறார்கள். பயிற்சி வகுப்புகளிலும் முதல் நாளே தோலுக்கு எப்படி வெளிச்சம் போடுவது என்பதில்தான் தொடங்குகிறார்கள். அது கடைசி வேலை. முதல் வேலை ஒரு கேள்வி: இந்த ஆள் காலையில் எழும்பி என்ன வேலை செய்கிறான்?

சும்மா கேட்கவில்லை. பூனேயின் நொடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020ல் வெளியிட்ட ராஜி கேமைப் பாருங்கள். ராஜி சர்க்கஸில் வளர்ந்த பிள்ளை. அதனால்தான் அவள் சுவரில் ஓடுகிறாள், தூணைச் சுற்றிச் சுழன்று அடிக்கிறாள். தொழில் உடம்பைக் கொடுத்தது, உடம்பு சண்டையைக் கொடுத்தது. வாளை மட்டும் மாற்றி மாற்றி வரைந்தால் அது நடக்காது.

நான் கரைவலை இழுக்கிற ஒருவனை எடுத்துக்கொண்டேன். விடியப்புறம் கல்முனைக்குடி கடற்கரையில் போய் ஒரு கிழமை குந்தினேன். முதலில் கண்ணில் பட்டது, அவர்கள் முன்னால் போகிறதே இல்லை. கடலைப் பார்த்தபடி, கயிற்றைப் பிடித்து, உடம்பை முழுக்கப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலை மணலில் ஊன்றி ஊன்றிப் பின்னால் நடக்கிறார்கள். நான் பார்த்த கேம் ஹீரோ எல்லாரும் முன்னால் பாய்கிறவர்கள். என்ட ஆள் பின்னால் நடந்து ஜெயிக்கிறவன். அந்த ஒரு அசைவு கிடைத்ததும் பாதி கெரக்டர் கிடைத்துவிட்டது.

அடுத்தது நிழலுருவம். வால்வ் நிறுவனத்தின் டீம் போர்ட்ரஸ் 2 கேமில் ஒன்பது வகை வீரர்கள். உள்ளே ஒரு கோடும் இல்லாமல் கறுப்பால் நிரப்பினாலும் எவன் எவன் என்று தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்துத்தான் அவர்களை வடிவமைத்தார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க யூடியூப் தேவையில்லை. நம்மடது கிழக்குக் கரை, சூரியன் கடலுக்குள்ளிருந்து வருகிறது. விடியலில் கரையில் நின்று பார்த்தால் வலை இழுக்கிறவர்கள் எல்லாரும் கறுப்பு உருவங்கள்தான். அப்படியும் முழு ஊருக்கும் தெரியும், இது இன்னார், அது இன்னாருடைய மகன் என்று. எதனால் தெரிகிறது? ஒருவர் இடுப்பை வளைக்கிற விதம், ஒருவர் தலைப்பா கட்டுகிற விதம், ஒருவர் சாரனை எவ்வளவு உயரத்துக்கு மடித்துக் கட்டுகிறார் என்பது. நான் முப்பது நாற்பது சின்னச் சின்னக் கறுப்புருவங்கள் வரைந்தேன். பெரும்பாலானவை குப்பை. அந்தக் குப்பையை வரையாமல் மிச்ச இரண்டும் வந்திருக்காது.

இங்கேதான் ஏஐ ஆட்களோடு எனக்குப் பிரச்சினை. "என்னத்துக்குக் காக்கா இவ்வளவு கஷ்டம், ஒரு வரி டைப் பண்ணினா நாலு படம் வருமே" என்கிறார்கள். டைப் பண்ணியும் பார்த்தேன். முஸ்லிம், மீனவன், வீரன், இலங்கை என்று கொடுத்தேன். வந்தவனுக்குப் பின்னால் கடல் இருந்தது, உண்மைதான். கடற்கரையில் ஒட்டகமும் நின்றது! உலகத்துப் படங்களை எல்லாம் விழுங்கிய இயந்திரத்துக்கு நம்மைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். நாமும் அதையே வரைந்து வலையில் ஏற்றினால் அது நாளைக்கு இன்னும் ரெண்டு ஒட்டகம் கூடத் தரும்.

சாரனுக்கு வருவோம். மருதமுனைத் தறியில் நெய்த கட்டம்போட்ட சாரன். மடித்துக் கட்டினால் முழங்கால் முழுக்கச் சுதந்திரம், ஓடலாம், குந்தலாம், தண்ணிக்குள் இறங்கலாம். கழற்றினால் போர்வை, முடிந்தால் பை. அங்கிக்காரன் ஈர மணலில் ரெண்டு அடி வைக்க முடியுமா? அந்தக் கட்டங்களுக்காக மருதமுனையில் ஒரு தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, பாவும் ஊடையும் குறுக்கே போகப்போக நிறம் கலக்கிறதைப் பார்த்தேன். சிவப்பு நூலும் பச்சை நூலும் சந்திக்கிற இடம் தூரத்தில் மண்ணிறமாகத் தெரிகிறது. என் நிறத்தட்டை அங்கேதான் முடிவு செய்தேன்.

பிறகு எனக்கே தெரியாமல் முழுத் திட்டமும் மாறிப்போனது. கரைவலைக்குக் கயிறு ஒன்றில்லை, ரெண்டு. கரையில் தூரத்தூர நின்று ரெண்டு கூட்டம் இழுக்கும், இழுக்க இழுக்க ஒருவரை ஒருவர் நெருங்கி வரும், கடைசியில் மடி கரைக்கு ஏறும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வலை வராது. அப்படியென்றால் ஒற்றை ஹீரோ எப்படிச் சரிவரும்? அடுத்த கயிற்றில் அவனுடைய ராத்தாவை நிறுத்தினேன். மருதமுனைத் தறியில் இருக்கிறவள், நூல் எங்கே அறும் என்று விரலாலே தெரிந்தவள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், அம்பாப் பாட்டின் தாளம் பிசகினால் கயிறு கையைக் கிழிக்கும். நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததில்லை இது. வேலையை உற்றுப் பார்த்ததால் வந்தது.

எதிரி யார் என்பதில்தான் ஒரு மாதம் நின்றேன். கடலிலிருந்து எழும்புகிற அலைப்பூதம் என்று வரைவது சுகம். ஆனால் 2004 டிசம்பர் 26ல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் உயிர்கள் போயின. எங்கட தெருவில் யாரையும் இழக்காத வீடு குறைவு. அலைக்குப் பல்லும் கண்ணும் வைத்து, அதை வெட்டினால் பத்துப் புள்ளி என்று கொடுக்க என்ட கை போகவில்லை. கடலை எதிரியாக்கினால் அடுத்த நாள் விடிய அதே கடலுக்குப் போகிறவனை என்ன செய்வது? கடைசியில் எதிரியே வைக்கவில்லை. கடல் கொண்டுபோனதை, ஒரு கதவு நிலை, ஒரு தறி, ஒரு ஆளுடைய பெயர் என்று ஒவ்வொன்றாக அவர்கள் ரெண்டு பேரும் இழுத்துக் கரை சேர்க்கிறார்கள். அவ்வளவுதான் கேம்.

முன், பின், பக்கவாட்டு என்று உருவத்தைத் திருப்பித் திருப்பி வரைகிற தாளும், முகபாவத் தாளும், கயிறு, மிதப்பு, ஓலைத்தொப்பி என்று பொருட்களின் தாளும் முடிய இன்னும் ரெண்டு மாதம். கடைசி நிறப்படத்துக்கு நாலு நாள். அதை ஒரு வெளிநாட்டு வேலைக்கு மாதிரியாக அனுப்பினேன். பதில் வந்தது: நன்றாக இருக்கிறது, ஆனால் பேன்டஸி போதாது, கொஞ்சம் அரேபியத்தன்மை கூட்ட முடியுமா. முடியாது என்று எழுதிவிட்டு ஒரு கிழமை காசில்லாமல் இருந்தேன். வீரம் என்று சொல்ல வரவில்லை, உம்மா நல்லா ஏசினா.

இதற்கு மாறாகவும் உலகத்தில் நடந்திருக்கிறது. அலாஸ்காவின் இன்யூபியட் மக்கள் 2014ல் நெவர் அலோன் என்ற கேமைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய சமூக அமைப்பே முன்னின்று, மூத்தவர்களையும் கதைசொல்லிகளையும் கலைஞர்களோடு இருத்திச் செய்த வேலை. நூனா என்ற சிறுமி, ஒரு வெள்ளை நரி, அவள் போட்டிருப்பது அவர்கள் பனியில் போடுகிற அதே உரோமச் சட்டை. அந்தச் சட்டையைப் பார்த்து இது பேன்டஸி போதாது என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை. நம் ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகங்கள், விளையாட்டுக் கழகங்கள், மீனவர் சங்கங்கள் எத்தனை இருக்கின்றன! வரைகிற ஒரு பிள்ளையை மூத்தாப்பாமாரோடு ஒரு பின்னேரம் இருத்திவைக்க எவருக்கும் தோன்றவில்லை. கிரிக்கெட் ஜேர்சிக்கு மட்டும் வருடா வருடம் காசு சேர்க்கிறார்கள்.

முடிந்த படத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். வலை பொத்திக்கொண்டிருந்த வயசாளி ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தார். முகத்தைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. இடுப்புப் பக்கம் விரலை வைத்தார்.

"இந்த முடிச்சு பிழ மனே. இப்பிடிக் கட்டினா இழுக்கக்கொள்ள அவிழும். கயித்த இஞ்ச தா."

கட்டிக் காட்டினார், மூன்று தரம். போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு அந்த லேயரை அழித்துவிட்டு முடிச்சைத் திரும்ப வரைய வேண்டும்.