நான்காவது அடாப்டர் வாங்குமுன்

சங்கத்தின் சில்லறைச் செலவில் "விளக்கு அடாப்டர்" என்னும் பற்று ஓராண்டில் மும்முறை வருமாயின், நான்காவதற்கு நிர்வாகக் குழு அனுமதி வழங்கலாகாது என்பது நமது திடமான அபிப்பிராயம். தொகை சிறியதே. ஆயினும் திறந்த வெளி எடைமேடையின் விளக்கு அணைந்துவிட்டால், அந்தி வேளையில் நிலக்கடலை மூட்டை கொணரும் விவசாயிக்குத் தராசில் ஏறியதும் தெரியாது, ரசீதில் எழுதியதும் தெரியாது. சந்தேகம் அங்கேதான் முளைக்கிறது.

வேங்கிக்கால் வட்டாரத்தில் இதற்கு நாம் வழக்கமாகக் கேட்கும் சமாதானம் "மட்டமான சரக்கு" என்பது. அது பாதி உண்மையே. 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் தரவல்லது 60 வாட். மீட்டருக்கு 14.4 வாட் கொள்ளும் எல்.இ.டி. பட்டையை 5 மீட்டர் நீளம் மாட்டினால் தேவை 72 வாட். இவ்வளவு பாரத்தை எந்த உயர்ந்த சரக்கும் நெடுநாள் தாங்காது. பாரம் அடாப்டரின் சக்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம். ஆகவே இங்கு வேண்டுவது 90 வாட்டுக்குக் குறையாதது.

பழுதுபட்டதை எறிந்துவிடுவது பெருந்தவறு. காரணம் அதனுள்ளேயே இருக்கிறது. மின்பணியாளரைக் கொண்டு திறந்து பாருங்கள். (இணைப்பைத் துண்டித்த பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், பிறர் கை வைக்கவேண்டாம்.) மின்தேக்கியின் தலை உப்பியிருப்பின் உஷ்ணமோ மிகைப்பாரமோ காரணம். பச்சையாகக் களிம்பேறியிருப்பின் மழைநீர். மின்சாரம் நுழையும் முனையில் கருகி வெடித்திருப்பின், இடியின்போதோ தடைக்குப்பின் மின்சாரம் திரும்பும்போதோ நேர்ந்த மிகை மின்னழுத்தம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். சரியான எர்த் இணைப்போடு மிகை மின்னழுத்தக் காப்புக் கருவி பொருத்துவதே அதற்குப் பரிகாரம்.

உஷ்ணம் 10 டிகிரி ஏறுந்தோறும் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. சித்திரை வெயிலில் அதைத் தகரப் பெட்டியில் அடைப்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை! நிழலும் காற்றோட்டமும் வேண்டும். மழைக்கோ, 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையைக் கண்ட ஊர் இது. வீட்டினுள் வைக்கத்தக்க ஐ.பி. 20 வகை வெளியில் உதவாது; ஐ.பி. 65 அல்லது 67 என்று பொறித்ததே தேவை. கம்பியைப் பெட்டிக்குக் கீழே தொங்கவிட்டு வளைத்து, அடிப்புறமாக நுழைத்தால் நீர் சொட்டி விழும், உட்புகாது. நூல் கிடங்கு வாசலில் விளக்கு வைத்துள்ள நெசவாளர் சங்கங்களுக்கும் இது பொருந்தும்.

புதியது வாங்கும் தீர்மானத்தில் பழையது கெட்ட காரணத்தையும் வாட் கணக்கையும் சேர்த்தெழுதுமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த ஆய்வில் ரசீதுக்கு முன்னர் அவ்விரண்டையே கேட்போம்.