மின்காரும் பெற்றோற் காரும்: ஒரு செலவுக் கணக்கு

மோட்டார் வண்டியின் செலவைப் பற்றி யாழ்ப்பாணத்தவருக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. 1990 களிலே பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளைக் கண்டவர் பலர் இன்றும் நம்மிடையே உளர். 2022 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவாக உயர்ந்த வேளையில், கையிலே பணமிருந்தும் வரிசையில் இரவைக் கழித்தவர்களும் நாமே. இத்தகைய அனுபவமுடைய சமூகம் மின்சாரத்தால் ஓடும் காரின்பால் மனஞ் செலுத்துதல் இயல்பேயாகும். 2020 இல் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் நீக்கப்பட்டதும் அவ்வார்வம் பன்மடங்கு பெருகியது.

எனினும், ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் இருவர் தமது பணிக்கொடையின் பெரும்பகுதியை மின்காரில் முடக்கியதை அண்மையிற் கண்ட பின்னர், இதுபற்றிச் சில சொல்லாதிருத்தல் முறையன்று எனத் தோன்றிற்று. “இனிப் பெற்றோற் செலவே இல்லை” என்பது அவ்விருவரும் ஒரே குரலிற் கூறிய நியாயம். பெற்றோற் செலவு இல்லை என்பது மெய்யே. செலவு இல்லை என்பதே பொய்.

2025 இல் நிலவிய விலைகளை ஒட்டி ஒரு கணக்கிடுவோம். ஆண்டொன்றுக்கு 12,000 கிலோமீற்றர் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்க. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் காருக்கு 800 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபா வீதம் 240,000 ரூபா. மின்கார் அலகொன்றுக்கு 6 கிலோமீற்றர் ஓடுமெனில், மின்னேற்றத்தில் வீணாவதையும் சேர்த்து ஏறத்தாழ 2,300 அலகு செலவாகும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். நம் நாட்டின் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயர்வது. வீட்டு விளக்கும் குளிர்ப்பெட்டியும் கீழ்ப்படிகளை நிரப்பிவிட, காருக்குரிய அலகுகளிற் பெரும்பாலானவை மேற்படியிலேயே ஏறும். அலகு 60 ரூபா எனக் கொண்டால் 138,000 ரூபா. ஆண்டு மிச்சம் 102,000 ரூபா.

இனி, மின்கார் அதனை ஒத்த பெற்றோற் காரிலும் 15 இலட்சம் ரூபா கூடுதலாக விற்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அத்தொகையை 8 வீத வட்டிக்கு வங்கியில் இட்டிருப்பின் ஆண்டுக்கு 120,000 ரூபா கிடைத்திருக்கும். ஆகவே, ஆண்டுதோறும் மிச்சம் பிடித்தது இழந்த வட்டிக்குங்கூடப் போதவில்லை. முதல் எந்நாளில் மீளும் என்ற வினாவிற்கு இடமேயில்லை. ஓய்வுபெற்றவர் பெரும்பாலும் 12,000 கிலோமீற்றரும் ஓடுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

ஆயின், நம் பழைய மாணவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்திற்கு நாள்தோறும் சென்று விரிவுரையாற்றுபவர் எனின், போக வர ஏறக்குறைய 130 கிலோமீற்றர்; ஆண்டில் 30,000 கிலோமீற்றர் சேரும். அவருக்கு மிச்சம் 255,000 ரூபா. வட்டி போக 135,000 ரூபா எஞ்சும். இரவு பத்தரை மணிக்கும் காலை ஐந்தரை மணிக்கும் இடைப்பட்ட சலுகைக் கட்டணத்திற்கு மாறி மின்னேற்றுவாராயின் மேலும் எஞ்சும். அவர் வாங்குவது அறிவுடைமை. கூரையிலே சூரியத் தகடு வைத்திருப்போர் நிலையோ ஒரு வேடிக்கை. பகல் முழுவதும் வண்டியைத் தகட்டின் கீழ் நிறுத்திவைக்கக்கூடியவர் ஓய்வுபெற்றவரே. அவர் ஓடுவதோ கொஞ்சம். விரிவுரையாளர் நிறைய ஓடுகின்றார். ஆனால் வெயிலடிக்கும் நேரத்தில் அவருடைய கார் கிளிநொச்சியில் நிற்கின்றது!

ஒஸ்லோவில் வாழும் என் வகுப்புத் தோழர், “இங்கு எல்லோரும் மின்காரே வாங்குகின்றோம், நீங்கள் ஏன் தயங்குகின்றீர்கள்?” என எழுதினார். 2024 இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களுட் பத்தில் ஒன்பது வரை மின்காரே என்பது உண்மை. ஆனால் அங்கே 2001 ஆம் ஆண்டு முதல் மின்காருக்குப் பெறுமதி சேர் வரியில் விலக்களிக்கப்பட்டது. பெற்றோற் காருக்கோ கடும் வரி. மின்சாரமும் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மலிவாகக் கிடைப்பது. ஆகவே அவருடைய கணக்கு அவருடைய நாட்டிற்கே பொருந்தும். இங்கு பெற்றோற் காருக்கு இயந்திரத்தின் கன அளவைப் பொறுத்தும், மின்காருக்கு மோட்டாரின் கிலோவாற்று வலுவைப் பொறுத்தும் தீர்வை விதிக்கப்படுகின்றது. வேகத்தைக் காட்டி ஆசையூட்டும் பெரிய மோட்டார் தீர்வையிலேயே நம்மை விழுங்கிவிடும்.

பழுதுபார்ப்பில் மின்காரே சிறந்தது. எண்ணெய் மாற்றமில்லை, பிளக்கில்லை. பிறேக்கும் நீண்டகாலம் உழைக்கும். வண்டியின் பாரத்தால் ரயர் மட்டும் சற்று விரைவில் தேயும். ஆனால் பற்றரிக்கு வெப்பம் பகை. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில், காற்றினால் மட்டும் குளிரும் பற்றரியுடைய நிசான் லீவ் கார்கள் விரைவிற் கொள்ளளவு இழந்தன என்ற முறைப்பாடு 2012 இலேயே எழுந்தது. அவ்வகைக் கார்கள் பல யப்பானிற் பாவிக்கப்பட்டு, இறக்குமதித் தடைக்கு முன்னர் இங்கும் வந்துள்ளன. 24 கிலோவாற்றுமணிப் பற்றரி அறுபது வீதத்திற்கு இறங்கினால் 86 கிலோமீற்றர் ஓடும். கிளிநொச்சிக்குப் போகலாம், திரும்பி வரல் அரிது. திரவத்தாற் குளிரூட்டப்படும் பற்றரியையே தேடுக. பற்றரியின் உலக விலை 2010 இல் கிலோவாற்றுமணிக்கு ஆயிரம் டொலருக்கு மேலிருந்து 2024 இல் 115 டொலருக்கு இறங்கியமையால், அவசரமற்றவர் பொறுத்திருத்தலும் ஒரு வருமானமே.

மின்கார் வைத்திருப்போருக்கும் அச்சமில்லாமலில்லை. 2022 மார்ச் 31 ஆம் நாள் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை மறந்துவிட்டோமா?

என் பழைய பெற்றோற் கார் மாதத்தில் 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதில்லை. அதனை விற்று மின்கார் வாங்குமாறு என் மகன் மூன்றாம் முறையாக எழுதியிருக்கின்றான். மேற்கண்ட கணக்கை அவனுக்கும் அனுப்பியுள்ளேன். மறுமொழி இன்னும் வரவில்லை.