உள்நாட்டு விமானந்தானே?

அமெரிக்க நாட்டில் பிள்ளைகள் வாழாத பங்கு இன்று நம்மிடையே அரிது. அங்கே ஒரு மாநிலத்தில் நடைபெறும் ஞானஸ்நானத்திற்கோ திருமணத்திற்கோ மற்றொரு மாநிலத்தினின்று பறந்து வரத் தயங்கும் பிள்ளையை, "உள்நாட்டு விமானந்தானே, யார் என்ன கேட்கப் போகிறார்கள்?" என்று பெற்றோர் ஊக்குவிப்பர். விசா ஒழுங்காக உள்ளவருக்கு இது பொருந்தும். தங்கும் உரிமை உறுதிப்படாதவருக்கு இப்பேச்சு ஆபத்தானது.

2001-இல் தோற்றுவிக்கப்பட்ட போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அலுவலர் ஆராய்வது, பயணி யார் என்பதையும் அவர் பையில் என்ன உள்ளது என்பதையுமே. அயல்நாட்டுக் கடவுச்சீட்டையும் அவர்கள் அடையாளச் சான்றாக ஏற்கின்றனர். 2025 மே 7-இல் 'ரியல் ஐடி' சட்டம் விமானப் பயணிகளுக்கு நடைமுறைக்கு வந்த பின்னும் இது மாறவில்லை. மாறியது வேறொன்று. பயணிகளின் பெயர்ப் பட்டியல் குடியேற்ற அமலாக்கத் துறைக்கு அனுப்பப்பட்டு, வெளியேற்ற ஆணைக்கு உள்ளானவர்களின் பெயர்களோடு ஒப்பிடப்படுவதாக 2025 டிசம்பரில் செய்தி வெளியாயிற்று. அதற்கு முந்திய மாதம், டெக்சாஸிலுள்ள பெற்றோரைக் காணப் புறப்பட்ட கல்லூரி மாணவி ஒருத்தி பாஸ்டன் விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டாள். சிறுமியாயிருந்த காலத்தில் பிறந்த ஆணை அது. அதனைத் தான் அறியாள் என்பது அவள் தரப்புக் கூற்று. இரண்டே நாள்களில் ஹோண்டுராஸுக்கு அனுப்பப்பட்டாள்.

எந்த ஊரின் விமான நிலையம் என்பதும் கவனிக்கத்தக்கது. ஹொசே அந்தோனியோ வர்காஸ் பிலிப்பைன்ஸில் பிறந்து, 12 வயதில் அமெரிக்கா சேர்ந்த செய்தியாளர். 2008-இல் புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் ஒருவர். தம்மிடம் உரிய ஆவணங்கள் இல்லையென 2011-இல் தாமே எழுதி வெளியிட்டவர். பிலிப்பைன்ஸ் கடவுச்சீட்டைக் காட்டிப் பல மாநிலங்களுக்குப் பறந்தவர். 2014 ஜூலையில் மெக்சிகோ எல்லையோரத்து மெக்காலன் நகரில் விமானம் ஏறச் சென்றபோதோ, சோதனை வாயிலருகே நின்ற எல்லைக் காவலர் அதே கடவுச்சீட்டில் விசாவைத் தேடினர். அன்றே விடுவிக்கப்பட்டார். அவர் ஊரறிந்த மனிதர். மற்றவருக்கு அவ்வாறு நேர்ந்திருக்குமோ, ஐயமே. வடக்கே செல்லும் நெடுஞ்சாலையிலும் சோதனைச் சாவடி உண்டு. ஆதலால் அவ்வூருக்குள் செல்வது எளிது, வெளியேறுவதே கடினம். குவாம், வர்ஜின் தீவுகள் ஆகியவை அமெரிக்க ஆட்சிக்குட்பட்டவையே. ஆயினும் அங்கிருந்து திரும்புவோர் குடியேற்றச் சோதனையைக் கடந்தாக வேண்டும்.

நிற்க. எல்லை தாண்டி வந்தோர்க்கே இவ்வச்சம் என்று நம்மவர் எண்ணலாகாது. எச்-1பி விசாவில் உள்ளவரின் பிள்ளை, கிரீன் கார்டு வரிசை நகருமுன் 21 வயதை எட்டினால், பெற்றோரைச் சார்ந்த விசாவை இழந்துவிடும். நீட்டிப்பு மனுவை உரிய காலத்தில் அளித்துக் காத்திருப்பவரின் கையிலுள்ள தாளோ காலாவதியானது போலவே தோன்றும். அத்தகையோர் மனு பெறப்பட்டதற்கான அறிவிப்பையும் ஐ-94 பதிவையும் உடன் கொண்டு செல்லல் வேண்டும். 18 வயது நிரம்பிய அயல்நாட்டினர் தம் பதிவுச் சான்றை எப்போதும் கைவசம் வைத்திருக்க வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம்.

பயணச்சீட்டு வாங்குமுன் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைக் கண்டு, பழைய ஆணை ஏதும் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'ஏ எண்' எனப்படும் பதிவு எண் உடையோர், குடியேற்ற நீதிமன்றத்தின் தொலைபேசிச் சேவை வாயிலாகவும் தம் வழக்கின் நிலையை அறியலாம். காவலர் வினவினால் பேசாதிருக்க உரிமை உண்டு. ஆனால், "நான் அமெரிக்கக் குடிமகன்" என்று பொய்யுரைத்தல் கூடவே கூடாது. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த ஒரு வார்த்தை பிற்காலத்தில் கிரீன் கார்டு பெறும் வழியையே அடைத்துவிடக்கூடும்.

பேருந்திலோ இரயிலிலோ போகலாமே என்பீர்கள். எல்லையினின்றும் கடற்கரையினின்றும் 100 மைல் வரையிலான பகுதியில், அவ்வண்டிகளில் ஏறி வினவவும் எல்லைக் காவலர் வருவதுண்டு. நியூயார்க்கும் ஹூஸ்டனும் லாஸ் ஏஞ்சலசும் அந்த 100 மைலுக்கு உட்பட்டவையே.