உதிர்ந்துபோன ஆறாம் வேற்றுமை

புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின் சிறுநீரக நுண்குழல்களைச் சிதைக்கக்கூடியது. மருந்துகளால் நேரும் இத்தகைய சிதைவை மூக்கிரட்டை, நெருஞ்சில் முதலியவற்றின் சாறு தடுப்பதாக இந்திய ஆய்வுக்கூடங்களிலிருந்து கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றன. (மூக்கிரட்டைக்கு வடமொழியில் புனர்நவா, அதாவது மீண்டும் புதிதாவது, என்று பெயர்; பெயரே பாதி விளம்பரம்.) கட்டுரைக்குள் ‘எலியின் சிறுநீரகம்’ என்றிருப்பது செய்தித்தலைப்பில் வெறும் ‘சிறுநீரகம்’ ஆகிவிடுகிறது.

பல சோதனைகளில் அந்த எலிக்குப் புற்றுநோயே இல்லை. நலமான எலிக்குச் சில நாள் முன்னரே சாற்றைப் புகட்டி, பிறகு மருந்தை ஊசிவழிச் செலுத்தி, குருதியில் கிரியாட்டினின் அளவைப் பார்க்கிறார்கள். சிஸ்பிளாட்டின் செல்லைக் கொல்லும் வழிகளுள் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் ஒன்று. அதைத் தணிக்கும் சாறு சிறுநீரகச் செல்லோடு புற்றுச்செல்லையும் சேர்த்துக் காத்துவிடாதா? கட்டியுள்ள விலங்கிலும், பின்னர் மனிதரிலும் சோதிக்காமல் இதற்கு விடை கிடையாது. முனைவர் பட்டத்துக்கு நலமான எலியே போதும் என்பது வேறு செய்தி.

மூலிகை தீங்கு செய்யாது என்போர் ஆடுதீண்டாப்பாளையை எண்ணிப்பார்க்கலாம். அதே பேரினத்துச் சீனச் செடியொன்று உடல் மெலிவு மருந்தில் கலந்து, பிரஸ்ஸல்ஸ் நகரில் பெண்கள் சிலரின் சிறுநீரகங்களை அழித்ததை 1993இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொள்ளும் நோயாளி ஒருவர் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, மருத்துவரிடம் சொல்லாமல் கசாயம் குடிக்கத் தொடங்கினால், யார் பொறுப்பு?